இலை வெட்டிய நாள்

வேலாயுதம் அண்ணன் ஈரச் சாக்கைப் பிரித்து, மேலே இருந்த இலையை எடுத்து, குறுக்காக மெல்ல மடித்தார். நல்ல இலையை மடித்தால் சத்தம் வராது. இது ‘பட்’ என்றது.

இரண்டாவது இலையை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை மடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னா செக்ரட்டரி, இலை கேட்டா அப்பளம் கொண்டாந்திருக்கீங்க?”

ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைகளின் பின்சந்து. விடிந்தும் விடியாத நேரம். லாரியின் பின்பலகை இறக்கியிருந்தது. அதன்மேல் நாற்பது கட்டு வாழையிலை. வேலாயுதம் அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்குள் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையோடு நனைந்த சணலின் வாசனையும், இலை வாடத் தொடங்கும்போது வரும் லேசான புளிப்பு வாசனையும் கலந்திருந்தன.

அன்று பங்குனி உத்திரம். கோயிலில் மதியம் அன்னதானம். சமையலை வேலாயுதம் அண்ணன் ஏற்றிருந்தார். இலைக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன்.

லாரிக்குப் பக்கத்தில், தோட்டத்திலிருந்து இலையோடு வந்த ஆரோக்கியமேரி அக்கா நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இலையைப் பார்த்து வேலாயுதம் அண்ணன் திருப்தியில்லாமல் தலையாட்டிய பிறகும் அவர் வாளியிலிருந்து தண்ணீரை அள்ளிக் கட்டுகளின்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்.

நான் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். லாரி சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்திருந்தது. அந்த நிமிடத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆறுதலை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பாலம் தாண்டி வந்த இலை

இந்த நினைவுத் தொடரின் முதல் அத்தியாயத்தை அனுப்பியபோது பத்திரிகை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “தேதியைக் கொஞ்சம் குறைங்க சார், ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து குறைத்துக்கொண்டேன். ஆகவே எந்த வருடம் என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படைத்தளம் மூடி, அங்கே வேலை பார்த்தவர்கள் வேறு பிழைப்புத் தேடிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தேக்கா சந்தை இன்னும் பழைய இடத்தில்தான் இருந்தது.

நான் அப்போது சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைக்காரர்கள் நடத்திய ஒரு சிறிய சங்கத்தில் முழுநேரச் செயலாளர். ஒரு மளிகைக் கடையின் மாடியில் அறை. கீழே மிளகாய் இடித்தால் மேலே எனக்குத் தும்மல் வரும். குவீன்ஸ்டவுனில் வீடு; காலையில் இரண்டு பேருந்து மாறி வருவேன்.

எங்கள் கடைகளுக்கு வேண்டிய வாழையிலை, முருங்கைக்காய், வெற்றிலை எல்லாம் பெரும்பாலும் கடலுக்கு அக்கரையிலுள்ள ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வரும். பாலத்தில் நெரிசல் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை இருக்காது. சில நாள் இலையெல்லாம் கிழிந்து வந்து சேரும். கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் புலம்பல்தான்.

ஒரு கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: வடக்கே செம்பவாங், மண்டாய், லிம் சூ காங் பக்கம் இன்னமும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கிறவர்கள் மரவள்ளியும் கீரையும் போட்டு, வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு வேண்டியதை அவர்களைப் பயிரிடச் சொல்லி நாமே வாங்கினால் என்ன? நமக்கும் நேரத்துக்குப் பொருள், அவர்களுக்கும் நிலையான வியாபாரம்.

“நல்ல ஐடியாதான் லா,” என்றார் வேலாயுதம் அண்ணன். சங்கத்தில் அவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். “ஆனா சட்டைய அயன் பண்ணிக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்துகிட்டு இருக்கிற ஆளுக்குத் தோட்டக்காரன யாரு காட்டுவா?”

“நானே போய்த் தேடறேன் அண்ணே.”

“ஷூவக் கழட்டிட்டுப் போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். திட்டம் அப்படித்தான் தொடங்கியது.

வேலியை விற்ற தவுக்கே

முதல் வெற்றி கறிவேப்பிலையில் கிடைத்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

யோ சூ காங்கில் ஒரு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், கோழிப்பண்ணை வைத்திருந்தார். பண்ணையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி. அந்த வேலி முழுக்கக் கறிவேப்பிலை. யாரோ ஒரு பழைய கூலியாள் நட்டுவிட்டுப் போனது; அது பாட்டுக்கு வளர்ந்து பண்ணையை வளைத்துவிட்டது. அது சாப்பிடுகிற இலை என்று தவுக்கேக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெட்டிக் குவித்து எரிப்பாராம்.

நான் என் அரைகுறை மலாயில், இதை வாரம் இரண்டு தடவை வெட்டித் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் மனைவியைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். இருவரும் சிரித்த சிரிப்பில் கோழிகளெல்லாம் கலைந்து ஓடின. இந்தியர்கள் தன் வேலியை வாங்கித் தின்கிறார்கள் என்று கம்பம் என்கிற அந்தக் கிராமம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த வெற்றி எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுத்து இலை என்று கிளம்பினேன்.

அக்காவின் நிலம்

சூசை அண்ணன் கடற்படைத்தளத்தில் பெயின்டர் வேலை பார்த்தவர். தளம் மூடியதும், மண்டாய் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு செம்மண் பாதையில் வாடகைக்கு நிலம் எடுத்து அவரும் மனைவி ஆரோக்கியமேரியும் பயிர் செய்தார்கள். மரவள்ளி, கத்தரி, நீளப் பயறு. ஒரு ஓரத்தில் வாழை. காய்கறியையெல்லாம் சோங் பாங் சந்தையில் ஒரு வியாபாரி வழக்கமாக எடுத்துக்கொள்வார்.

பேச்செல்லாம் சூசை அண்ணனுடையது. கப்பல்களின் பெயர்களைச் சொல்லி, எந்தக் கப்பலுக்கு எத்தனை கோட்டிங் அடித்தார் என்று சொல்லுவார். அக்கா பேசமாட்டார். ஆனால் தோட்டம் அவருடையது என்பது பார்த்தாலே தெரியும். எந்த வாழை எப்போது குருத்து விட்டது என்று கேட்டால் அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்.

“மரவள்ளியைப் பிடுங்கிட்டு முழுக்க வாழை போடுங்க,” என்றேன் நான். “எங்க கடைக எல்லாம் உங்ககிட்டதான் எடுக்கும்.”

“முழுக்கவா சார்?” என்றார் அக்கா. அன்று அவர் பேசியது அந்த ஒரு கேள்விதான்.

“பாதி பாதின்னா எங்களுக்குப் போதாது அக்கா. தினமும் வேணும்.”

“அப்புறம் சந்தைக்காரர் நம்மள விட்டுருவாரே.”

இதைச் சொன்னவர் சூசை அண்ணன். நான் சங்கத்தின் முத்திரை வைத்த கடிதத்தைக் காட்டினேன். அதில் என் கையெழுத்து இருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கி, பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப சரி” என்றார்.

மரவள்ளி போயிற்று. கத்தரியும் போயிற்று. சோங் பாங் வியாபாரி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். ஆறேழு மாதத்தில் அந்த நிலம் முழுக்க வாழை. பாதையிலிருந்து பார்த்தால் வீடு தெரியாது, கூரையின் தகரம் மட்டும் பளபளக்கும். இனி அந்த வீட்டில் உலை வைப்பது எங்கள் கடைகளை நம்பித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததில் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

மூன்று நிறப் பென்சில்

என் மேசையின் பின்சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். வருடத்தின் எல்லா நாளும் கட்டம் கட்டமாக. பஞ்சாங்கம் ஒரு பக்கமும் அரசாங்க விடுமுறைப் பட்டியல் ஒரு பக்கமும் வைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தது. விடுமுறைக்குச் சிவப்பு, விசேஷத்துக்கு நீலம், இலை வந்து சேர வேண்டிய நாளுக்குப் பச்சை. சாதாரண நாளுக்கு ஒரு பச்சைப் புள்ளி, கூட்டம் கூடும் நாளுக்கு இரண்டு, அன்னதானத்துக்கு மூன்று.

சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அதன்முன் ஒரு நிமிடம் நிற்பார்கள். “இதெல்லாம் கவர்மென்ட் ஆபீஸ்லகூட இருக்காது லா,” என்று ஒரு புடவைக்கடைக்காரர் சொன்னது என் நாட்குறிப்பில் இருக்கிறது. புகழ்ச்சியை நான் அப்படியே சொல்லுக்குச் சொல் எழுதி வைப்பது வழக்கம்.

அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு மண்டாய்க்குப் போனேன். கட்டிலில் விரித்து வைத்து இருவருக்கும் விளக்கினேன். இலை முதல் நாள் வெட்டியதாக இருக்க வேண்டும், மறுநாள் விடியலில் வந்து சேர வேண்டும். இதுதான் நிபந்தனை. அதையும் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

பங்குனி மாதத்துக்கு வந்தபோது அக்கா அந்த மூன்று புள்ளிச் சனிக்கிழமையின்மேல் விரலை வைத்தார். பிறகு அதற்கு முந்திய கட்டத்துக்கு விரலை நகர்த்தினார்.

“சார்…”

“இருங்க அக்கா, அடுத்த பக்கத்தையும் சொல்லி முடிச்சிடறேன்.”

சொல்லி முடித்தேன். “எல்லாம் புரிஞ்சதா?” என்று கேட்டேன். சூசை அண்ணன் தலையாட்டினார். அக்கா எழுந்து டீ போடப் போனார். அவர் என்ன கேட்க வந்தார் என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

அதன்பிறகு பல மாதங்கள், ஒரு நாள்கூடத் தவறாமல் இலை வந்தது. மழை கொட்டிய நாளில் செம்மண் பாதையில் லாரி இறங்காதபோது, கட்டுகளைத் தலையில் வைத்து மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்தார்கள். வேலாயுதம் அண்ணன்கூட ஒரு நாள் ஓர் இலையை மடித்துப் பார்த்து, “சில்க் மாதிரி இருக்கு” என்றார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுபடியும் பின்சந்து

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

“எப்ப வெட்டினது அக்கா?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை.”

“நேத்து வெட்டியிருக்கணும். அதுதானே கண்டிஷன்?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்து பெரிய வெள்ளி சார்.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாள். அன்று பச்சைச் செடிகொடியில் கத்தி வைக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியாதது இல்லை. குவீன்ஸ்டவுனில் என் எதிர்வீட்டுக்காரர்கள் கத்தோலிக்கர்கள். அன்று அவர்கள் வீட்டில் அடுப்பே எரியாது. முந்திய நாள் நானே அவர்கள் கோயிலுக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

“அதை முன்னாடியே சொல்லியிருக்கணும் அக்கா,” என்றேன்.

“காலண்டர்ல எல்லாம் பாத்துத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் சார். நாள் நெருங்குறப்ப ஏதாவது மாத்திச் சொல்வீங்கன்னு…” அவர் முடிக்கவில்லை.

வேலாயுதம் அண்ணன் அப்போது உள்ளே போய் ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அது விழவில்லை என்பதை அந்தக் கணமே கவனித்து வைத்துக்கொண்டேன்.

அன்னதானத்தில் ஒருவருக்கு இரண்டு இலையாக, ஒன்றின்மேல் ஒன்று போட்டார்கள். அப்படியும் ரசம் நிற்கவில்லை. மடிப்பிலிருந்த விரிசல் வழியாக இறங்கி, கீழே பாயில் ஓடி, சாப்பிட உட்கார்ந்தவர்களின் வேட்டியில் மஞ்சளாகப் பரவியது. பாதிப் பந்திக்குப் பிறகு ரசத்தையே நிறுத்திவிட்டார்கள். “இந்த வருஷம் ரசம் கிடையாதா?” என்று ஒரு முதியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலாயுதம் அண்ணன் என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமைக் கூட்டம்

அறிக்கையை நான்தான் எழுதினேன். மூன்று வரி. இலை குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்றும், ஆனால் நிபந்தனைக்கு மாறாக ஒரு நாள் முன்னதாகவே வெட்டப்பட்டிருந்தது என்றும், அதனால் பயன்படுத்தும் நிலையில் இல்லை என்றும்.

மூன்று வரியிலும் பொய் இல்லை.

நான் வாசித்து முடித்தேன். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம். என் தலைக்குப் பின்னால் அட்டவணை.

வேலாயுதம் அண்ணன்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி வியாழக்கிழமையே வெட்டினாங்களாம்? அந்த லேடி நல்ல லேடியாச்சே. காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.”

காரணம் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. நான் திரும்பி, அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய கட்டத்தைக் காட்டி, ‘தப்பு என்னுடையது, வெட்டும் நாளை நான் பார்க்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் சிரித்திருப்பார். ஷூவைப் பற்றி இன்னொரு தடவை கிண்டல் செய்திருப்பார். அடுத்த நாள் மண்டாயிலிருந்து இலை வந்திருக்கும்.

“காரணம் எதுவும் சொல்லலை அண்ணே,” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப சரி வராது. இலைக்கு ஜொகூர்க்காரனையே சொல்லிடுங்க. அவன் லேட்டா வந்தாலும் புதுசா கொண்டாருவான்.”

கூட்டக் குறிப்பில் அதை எழுதினேன். என் கையெழுத்து அன்றும் அழகாகவே இருந்தது.

மண்டாய்க்கு நான் நேரில் போகவில்லை. கடிதம் அனுப்பினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, லாரி ஓட்டியவர் சொன்னார்: சூசை அண்ணன் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் காவல் வேலைக்குப் போய்விட்டார், அங்கேயே தங்கல், வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருகிறார். தோட்டத்தில் இலைகள் வெட்ட ஆளில்லாமல் காற்றில் கிழிந்து தொங்குகின்றன. கறிவேப்பிலைத் தவுக்கே மட்டும் தன் வேலியைத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தார். திட்டம் என்று மிஞ்சியது அதுதான்.

சில வருடங்களில் அந்த நிலங்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கும் அதுதான் நடந்தது. ‘எப்படியும் போயிருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டே வாழ்ந்தேன்.

ஒன்பதாவது மாடி

சென்ற வருடம் சங்கத்தின் அறையை மாற்றினார்கள். பழைய காகிதங்களைப் பிரித்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். ஓர் அலமாரியின் பின்னால், சுருட்டி வைத்திருந்த அந்த அட்டவணை கிடைத்தது. ஓரமெல்லாம் கரப்பான் தின்றிருந்தது. பச்சை வெளிறிவிட்டது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பங்குனியைப் பார்த்தேன். சனிக்கிழமைக் கட்டத்தில் மூன்று புள்ளி. அதற்கு முந்திய கட்டத்தில், சிவப்புப் பென்சிலில், என் கையெழுத்தில்: ‘பெரிய வெள்ளி. விடுமுறை.’

நானே எழுதியது. ஒரு விரற்கடை தூரம்தான். இலை வந்து சேரும் நாள் அந்த அட்டவணையில் எல்லா இடத்திலும் இருந்தது. இலை வெட்டும் நாள் எங்குமே இல்லை. இலை லாரியில் பிறப்பதுபோல நான் வரைந்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர்கள் மூலம் அவர்களுடைய தேவாலயத்தில் விசாரித்தேன். அக்கா ஆங் மோ கியோவில் மகனோடு இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன்.

ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தலை நரைத்திருந்தது. “செக்ரட்டரி சாரா? வாங்க, வாங்க” என்றார். உள்ளே சுவரில் திருஇருதயப் படம். அதன் கீழே சூசை அண்ணனின் படம். மாலை போட்டிருந்தது.

“எப்ப அக்கா?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பெயின்ட் வாசனைதான் காரணம்னாங்க, டாக்டருங்க.”

டீ கொண்டுவந்தார். நான் அட்டவணையைப் பிரிக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன். வாய்ப்பாடமாக எடுத்துவந்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். தப்பு என் அட்டவணையில் இருந்தது. கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். சொல்லியிருந்தால் உங்களிடம்தான் தொடர்ந்து வாங்கியிருப்பார்கள்.

அக்கா குறுக்கிடவில்லை. கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா சார்?” என்றார். “அவரு வெள்ளிக்கிழமையே வெட்டிருவோம்னாரு. ஜனங்க சாப்புடறதுக்குத்தானே, ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாருன்னாரு. நான் மாட்டேன்னேன். எங்க எனக்குத் தெரியாம போயி வெட்டிருவாரோன்னு இலைக் கத்தி மூணையும் எடுத்து அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன். வியாழக்கிழமையே வெட்டி, ஈரச்சாக்குல சுத்தி, ரெண்டு நாளும் தண்ணி தெளிச்சுகிட்டே இருந்தேன்.”

அக்கா டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“உங்க லெட்டரு வந்தன்னைக்கு அவரு ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு சாமான் காணோம்னாப் போதும், ‘அரிசி டின்ல பாரு’ம்பாரு. கண்ணாடி காணோமா, அரிசி டின்ல பாரு. சாவி காணோமா, அரிசி டின்ல பாரு. மொதல்ல கோவமாத்தான் சொன்னாரு. அப்புறம் அதுவே பழக்கமாயிருச்சு. பேரப்புள்ளைங்ககூடச் சொல்லுதுங்க. ஆனா அவரு சொல்லுறப்ப எனக்குத் தெரியும் சார். நான்தான் தோட்டத்தக் கெடுத்தேன்னு அவரு மனசுல இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு. ஆஸ்பத்திரியிலகூட, கடைசி வாரம், மூச்சுக்கு அந்தக் கொழாய் இருக்குல்ல, அது நழுவிப் போச்சு. நான் தேடறேன். அவரு கண்ணத் தொறந்து ‘அரிசி டின்ல’ன்னாரு.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“இத அவரு இருக்குறப்ப வந்து சொல்லியிருக்கலாம் சார்.”

குரலில் கோபம் இல்லை. குறையாகச் சொல்வதுபோல்கூட இல்லை. மழைக்கு முன்னால் துணியை எடுத்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னார்.

டீ ஆறிவிட்டது. கிளம்ப எழுந்தேன்.

“கொஞ்சம் இருங்க,” என்றார். உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார். பேத்தியுடையதாக இருக்கும். நடுப்பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கவனமாகக் கிழித்து என் முன்னால் வைத்தார்.

“இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. கல்லறைத் திருநாளுக்கு சுவா சூ காங் கல்லறைக்குப் போவோம்ல, அப்ப அவருகிட்ட படிச்சுக் காட்டறேன். நான் சொன்னா நம்பமாட்டாரு. உங்க கையெழுத்து அவருக்குத் தெரியும்.”

ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு தாளை எழுத எனக்கு நெடுநேரம் ஆனது. இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். கடைசியில் நான்கு வரி வந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். உதடு அசைந்தது. படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

“தேதி போடலையே சார்.”

நான் கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்த்தேன்.

“இன்னைக்கு தேதி வேணாம்,” என்றார். “அந்தத் திங்கக்கிழமை தேதியப் போடுங்க. அன்னைக்கே சொன்ன மாதிரி இருக்கட்டும்.”

நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதி எனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்தேன். உண்மை இல்லாத ஒரு தேதியை என் வாழ்க்கையில் நான் எழுதியது அந்த ஒரு முறைதான்.

அக்கா தாளை நான்காக மடித்தார். சத்தம் வரவில்லை. அதைச் சூசை அண்ணன் படத்தின் பின்னால் செருகி வைத்துவிட்டு, என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.